கையால் அழுத்தும் மோல்டிங் மெஷின்

சட்டைப் பொத்தான், சுவிட்ச் குமிழ், சாவிக்கொத்து வில்லை, பேனா மூடி. இவற்றை வார்க்கும் சின்ன மெஷினுக்கு மோட்டாரும் வேண்டாம், ஹைட்ராலிக் பம்பும் வேண்டாம். பேரல் எனப்படும் தடித்த சுவருள்ள ஓர் இரும்புக் குழல், அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர், சூடேற்ற இரண்டு ஹீட்டர், அழுத்த ஒரு நெம்புகோல் இருந்தால் போதும். பிளாஸ்டிக் குருணை மேலே விழும், நடுவில் உருகும், கீழே நாசிலில் உள்ள சிறு துளை வழியாக மோல்டுக்குள் பாயும்.

அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் 1872-இல் காப்புரிமை பெற்ற முதல் இன்ஜெக்‌ஷன் மெஷின் இந்த வகைதான். செல்லுலாய்டை ஒரு பிளஞ்சர் தள்ளும், அவ்வளவே. சீப்பும் பொத்தானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வார்க்கப்பட்டன. இன்றைய ஆலைகளில் சுழலும் ஸ்க்ரூ, ஜேம்ஸ் ஹென்ட்ரி 1946-இல் கொண்டுவந்தது. வீட்டில் செய்ய விரும்புபவருக்கு ஹயட் வழியே ஏற்றது. வார்ப்பிரும்புச் சட்டத்தில் கைப்பிடி வைத்த 'ஹேண்ட் மோல்டிங் மெஷின்' நம் ஊர்ச் சிறுபட்டறைகளிலும் இந்த வழியில்தான் ஓடுகிறது. அமெரிக்காவின் வின்சென்ட் ஜிஞ்சரி வீட்டுப் பட்டறைக்காரர்களுக்காக எழுதிய நூலும், நெதர்லாந்தின் டேவ் ஹாக்கன்ஸ் 2013-இல் தொடங்கிய 'பிரெஷஸ் பிளாஸ்டிக்' திட்டத்தின் வரைபடங்களும் இதே நெம்புகோல் மெஷினைத்தான் காட்டுகின்றன.

இந்த அத்தியாயத்தில் உருவாகும் மெஷின் ஒரு முறைக்கு 10 கிராம் வரை வார்க்கும். வெல்டிங், துளையிடுதல், மின்இணைப்பு ஆகியவற்றில் ஓரளவு பழக்கம் உள்ளவருக்கு இது எட்டும் வேலை. லேத் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பேரலும் பிளஞ்சரும் நாசிலும் மட்டும் லேத் பட்டறைக்குப் போகும்.

துளை பெரிதானால் அழுத்தம் போகும்

கோட்பாடாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆலை மெஷின்கள் உருகிய பிளாஸ்டிக்கை ஒரு ச.செ.மீ.-க்கு 700 முதல் 1,400 கிலோ வரையிலான அழுத்தத்தில் தள்ளுகின்றன. கையால் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே பெரிய காரியம். ஆகவே இருக்கும் அழுத்தத்தை வீணாக்காமல் வடிவமைப்பதில்தான் முழுக் கவனமும் போக வேண்டும்.

நெம்புகோலின் நீளம் 1,000 மி.மீ.; கீலிலிருந்து பிளஞ்சர் இருக்கும் தூரம் 100 மி.மீ. கைப்பிடியில் 40 கிலோ எடை கொடுத்தால் பிளஞ்சரில் 400 கிலோ இறங்கும். அந்த 400 கிலோ எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதே கேள்வி.

பேரலின் துளை 25 மி.மீ. என்றால் பரப்பு 4.9 ச.செ.மீ.; அழுத்தம் சுமார் 80 கிலோ. துளை 20 மி.மீ. என்றால் பரப்பு 3.14 ச.செ.மீ.; அழுத்தம் 127 கிலோ. 16 மி.மீ. என்றால் 199 கிலோ.

முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பெரிய பொருள் வார்க்கும் ஆசையில் ஒன்றரை அங்குலக் குழாயை வாங்கிவந்து பேரல் ஆக்குவார்கள். ஆள் நெம்புகோலில் தொங்கினாலும் மோல்டு பாதிதான் நிறையும். துளை பெரிதானால் இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக் சூட்டை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். சுவரோரம் கருகத் தொடங்கும்போதும் நடுவில் குருணை குருணையாகவே கிடக்கும். இந்த இரண்டையும் கணக்கில் கொண்டே இங்கே 20 மி.மீ. துளை எடுக்கப்படுகிறது.

வாங்க வேண்டியவை

1. பேரலுக்கு 40 மி.மீ. விட்டமுள்ள இ.என்.8 உருளைக் கம்பி, 265 மி.மீ. நீளம்.
2. பிளஞ்சருக்கு 22 மி.மீ. இ.என்.8 கம்பி, 230 மி.மீ. நாசிலுக்கு அதே எஃகில் 30 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று.
3. தூணுக்கு 60 × 60 × 4 மி.மீ. சதுரக் குழாய், நெம்புகோலுக்கு 40 × 40 × 3 மி.மீ. சதுரக் குழாய்.
4. அடித்தட்டுக்கும் பேரல் தாங்கிக்கும் 12 மி.மீ. எம்.எஸ். தகடு.
5. 40 மி.மீ. உள்விட்டம், 40 மி.மீ. அகலமுள்ள மைக்கா பேண்ட் ஹீட்டர் இரண்டு. ஒவ்வொன்றும் 200 வாட், 230 வோல்ட்.
6. பி.ஐ.டி. டெம்பரேச்சர் கன்ட்ரோலர், கே வகை தெர்மோகப்பிள், 25 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே), அதற்கு ஹீட் சிங்க்.
7. 300 டிகிரி வரை அளக்கும் கேபிலரி தெர்மோஸ்டாட் ஒன்று.
8. 6 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஹீட்டர் பக்கத்துக்கு ஃபைபர் கிளாஸ் உறையிட்ட வயர்.

ஐந்து முதல் எட்டு வரை உள்ளவை சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் ஹீட்டர் செய்து விற்கும் கடைகளிலும் கிடைக்கும். ஹீட்டரைச் சொல்லிச் செய்யும்போது பேரலின் வெளிவிட்டத்தைக் கூடவே சொல்ல வேண்டும். தளர்வாக உட்காரும் ஹீட்டர், சூட்டைப் பேரலுக்குக் கொடுக்க முடியாமல் தானே எரிந்துபோகும்.

பேரலுக்கு ஜி.ஐ. குழாய் கூடாது. சுவர் மெல்லியது, உள்ளே வெல்டிங் தையல் ஓடும், பூசியிருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம்.

பேரல்: வேலையின் வரிசைதான் முக்கியம்

1. கம்பியை லேத்தில் பிடித்து இரு முனைகளையும் சமன்செய்து 260 மி.மீ. நீளத்துக்குக் கொண்டுவரவும்.
2. 10 மி.மீ. பிட்டில் தொடங்கி 19 மி.மீ. வரை படிப்படியாகத் துளைக்கவும். முடிந்தவரை ஒரே முனையிலிருந்து துளைப்பது நல்லது. இரு முனைகளிலிருந்தும் துளைத்தால் நடுவில் படி விழும். பிளஞ்சர் அங்கே முட்டும்.
3. மேல்முனையிலிருந்து 70 மி.மீ. கீழே, 12 மி.மீ. தடிமனுள்ள வளையம் ஒன்றைச் சுற்றிலும் வெல்டிங் செய்யவும். பேரல் தாங்கியில் உட்கார்வது இந்த வளையத்தின் மேல்தான்.
4. மேல்முனையிலிருந்து 25 மி.மீ. விட்டு, 16 மி.மீ. அகலமும் 35 மி.மீ. உயரமும் உள்ள வாயைப் பக்கவாட்டில் வெட்டவும். குருணை விழும் வழி இது.
5. இதற்குப் பிறகே ரீமர் ஓட்டித் துளையை 20 மி.மீ. ஆக்கவும். ரீமரின் நீளம் போதாவிட்டால் ஹைட்ராலிக் சிலிண்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் ஹோனிங் செய்து தருவார்கள்.
6. கீழ்முனையில் 20 மி.மீ. ஆழத்துக்கு 22 மி.மீ. துளை போட்டு எம்24 × 2 டாப் அடிக்கவும். நாசில் இதில் முறுக்கப்படும்.
7. கீழ்முனையிலிருந்து 80 மி.மீ. மேலே, தெர்மோகப்பிளுக்கு 3 மி.மீ. துளையை 7 மி.மீ. ஆழம் வரை போடவும். பேரலின் சுவர் 10 மி.மீ.தான். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது பாதுகாப்பு. துளை உள்சுவரைத் தாண்டிவிட்டால் அந்தப் பேரலை அப்படியே தள்ளிவைக்க வேண்டியதுதான்.
8. 400, பிறகு 600 எண் எமரி தாளால் உட்புறத்தை மெருகேற்றவும்.

வெல்டிங் முதலில், ரீமர் பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது. வளையத்தை வெல்டிங் செய்யும்போது ஏறும் சூட்டில் குழல் கண்ணுக்குத் தெரியாமல் கோணும். துளையை முடித்துவிட்டு வளையம் வைத்தவரின் பேரலில் பிளஞ்சர் சரியாக வளையத்தின் உயரத்தில் இறுகும். லேத்காரரிடம் வேலையைக் கொடுக்கும்போதே இந்த வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பிளஞ்சரும் நாசிலும்

பிளஞ்சரின் கீழ் 20 மி.மீ. நீளம் மட்டும் 19.9 மி.மீ. விட்டத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் 19.5-க்குக் குறைக்கலாம். உராய்வு குறையும், ஒட்டுவதும் குறையும். முறுக்கு உழக்கின் மேல்பாகம் தளர்வாக இருந்தால் மாவு பக்கவாட்டில் பிதுங்கி மேலே ஏறுமே, 19.8-க்குக் கீழே போன பிளஞ்சரும் அதையே செய்யும். 19.97 வரை இறுக்கமாக வைத்தாலும் ஆபத்து. 20 மி.மீ. எஃகு 200 டிகிரி சூடேறும்போது ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். பேரல் ஆறியிருக்க பிளஞ்சர் மட்டும் சூடாக இருக்கும் ஒரு தருணத்தில் இரண்டும் கவ்விக்கொள்ளும்.

குருணை வாயின் கீழ்விளிம்பு உட்பக்கம் கூராக நிற்கக் கூடாது. பிளஞ்சர் இறங்கும்போது அந்த விளிம்பில் குருணை சிக்கி நறுக்கப்படும். கை அழுத்தத்தில் பாதி அதற்கே போய்விடும். அரை வட்ட அரத்தால் விளிம்பைச் சரிவாக்கி எமரி தாளால் தேய்த்துவிட்டால் போதும்.

நாசிலின் துளை 3 மி.மீ. முனை லேசாக உருண்டிருக்க வேண்டும். உட்புறம் 20 மி.மீ.-இலிருந்து 3-க்குக் கூம்பாகக் குறுகட்டும். தட்டையான அடியில் பிளாஸ்டிக் தேங்கிக் கருகும். கறுப்புத் துகளாக அடுத்தடுத்த வார்ப்புகளில் வரும்.

சட்டமும் நெம்புகோலும்

சட்டத்தில் நுணுக்கம் அதிகமில்லை, பலம்தான் வேண்டும். பிளஞ்சரில் 400 கிலோ இறங்கும்போது கீல் 360 கிலோ விசையில் மேலே இழுபடும். தூணின் அடியிலும் பேரல் தாங்கியின் அடியிலும் முக்கோணத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அடித்தட்டை மேசையிலும், மேசையைத் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். ஒரு மீட்டர் நீள நெம்புகோலை அழுத்தினால் மேசையே முன்னால் கவிழ வரும்.

1. தூணின் நடுக்கோட்டிலிருந்து பேரலின் நடுக்கோடு 100 மி.மீ. தள்ளி இருக்குமாறு தாங்கியைப் பொருத்தவும்.
2. பேரலின் வளையம் தாங்கித் தகட்டின் மேல் உட்காரட்டும். மேலே இன்னொரு தகட்டுப் பட்டையை வைத்து இரண்டு போல்ட்டால் பூட்டவும். இல்லாவிட்டால் பிளஞ்சரைத் தூக்கும்போது பேரலும் கூடவே எழும்.
3. வளையத்துக்கும் தாங்கிக்கும் நடுவில் மைக்கா தகடு வைக்கவும். பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். அதைத் தொடவே கூடாது.
4. நெம்புகோலையும் பிளஞ்சரையும் நேரடியாக ஒரே முளையில் இணைக்கக் கூடாது. 25 × 10 மி.மீ. பட்டையில் 120 மி.மீ. நீளமுள்ள இரண்டு இணைப்புப் பட்டைகள், 12 மி.மீ. முளைகள் கொண்டு இணைக்கவும்.
5. நெம்புகோல் கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரி, கீழே 30 டிகிரி போய்வரட்டும். பிளஞ்சருக்கு 100 மி.மீ. ஓட்டம் கிடைக்கும்.
6. அடித்தட்டில் எம்20 நட்டை வெல்டிங் செய்து, அதில் மேல்நோக்கி ஒரு போல்ட்டை முறுக்கவும். அதன் தலையில் மோல்டு உட்காரும். போல்ட்டைத் திருகினால் மோல்டு எழுந்து நாசிலோடு அழுந்தும்.

நான்காவது படியைத் தவிர்த்தவரின் மெஷினை முதல் நாளிலேயே அடையாளம் காணலாம். நெம்புகோலின் முளை வில்போல வளைந்து போகும், பிளஞ்சரோ நேராக இறங்க வேண்டும். மேற்சொன்ன அளவில் அந்த விலகல் 13 மி.மீ. இருக்கும். இணைப்புப் பட்டைகள் அதை வாங்கிக்கொள்ளும். அவை இல்லாவிட்டால் பிளஞ்சர் பேரலின் ஒரு பக்கத்தைச் சுரண்டும்.

ஹீட்டர் இணைப்பு

இந்த மெஷினில் உயிரை எடுக்கக்கூடிய பகுதி இதுதான். 230 வோல்ட், வெற்று இரும்பு, 200 டிகிரிக்கு மேல் சூடு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மின்வேலையில் பழக்கம் இல்லாதவர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்தே இதைச் செய்ய வேண்டும்.

1. மேல் ஹீட்டரைக் கீழ்முனையிலிருந்து 95 முதல் 135 மி.மீ. வரையிலும், கீழ் ஹீட்டரை 25 முதல் 65 மி.மீ. வரையிலும் இறுக்கிக் கட்டவும். தெர்மோகப்பிள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.
2. சட்டம், பேரல், ஹீட்டர் உறை மூன்றையும் எர்த்தில் இணைக்கவும். எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே அடுத்த படிக்குப் போகவும்.
3. மின்சாரம் ஆர்.சி.சி.பி., எம்.சி.பி., கேபிலரி தெர்மோஸ்டாட், எஸ்.எஸ்.ஆர்., ஹீட்டர் என்ற வரிசையில் போகட்டும்.
4. கேபிலரி தெர்மோஸ்டாட்டின் குமிழைப் பேரலோடு ஒட்டிக் கட்டி, 260 டிகிரியில் வைக்கவும்.
5. ஹீட்டரிலிருந்து ஒரு முழ தூரத்துக்கு ஃபைபர் கிளாஸ் வயர்தான். சாதாரண பி.வி.சி. வயரின் உறை 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும்.
6. கன்ட்ரோலரில் 150 டிகிரி வைத்து ஆட்டோ டியூன் ஓட்டவும். பிறகு 200-க்கு ஏற்றிப் பார்க்கவும்.

நான்காவது படியில் சொன்ன தெர்மோஸ்டாட்டைத் தேவையற்ற செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எஸ்.எஸ்.ஆர். பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தெர்மோகப்பிள் துளையிலிருந்து நழுவினாலும் இதேதான்: கன்ட்ரோலர் அறையின் சூட்டைப் படித்துக்கொண்டு பேரலை மேலும் மேலும் சூடேற்றும். அந்த இரண்டு நேரத்திலும் மின்சாரத்தைத் துண்டிக்க வேறு யாரும் இல்லை. தனியாக நிற்கும் அந்தத் தெர்மோஸ்டாட் மட்டும்தான்.

இந்தப் பேரலின் எடை ஏறக்குறைய 2 கிலோ. 400 வாட்டில் அது 200 டிகிரியைத் தொட கால் மணி நேரம் ஆகும். ஐந்தே நிமிடத்தில் தொட்டதாகக் கன்ட்ரோலர் காட்டினால் தெர்மோகப்பிள் பேரலின் சூட்டையல்ல, ஹீட்டரின் சூட்டை வாங்குகிறது என்று பொருள்.

எந்த பிளாஸ்டிக்

பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 2 என்றால் எச்.டி.பி.இ., 4 எல்.டி.பி.இ., 5 பாலிபுரொப்பிலின், 6 பாலிஸ்டைரின். இந்த மெஷினுக்கு ஏற்றவை இந்த நான்கு. எல்.டி.பி.இ.-ஐ 180 முதல் 200 டிகிரியிலும், மற்ற மூன்றையும் 200 முதல் 230 டிகிரியிலும் ஓட்டலாம். பழகுவதற்கு எல்.டி.பி.இ.-யும் பாலிபுரொப்பிலினும் நல்லவை. ஈரம் உறிஞ்சாது, உலர்த்தும் வேலை இல்லை.

எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி பாயாது. பிளாஸ்டிக் குடமும் ஷாம்பு பாட்டிலும் ஊதி வார்க்கப்படுபவை, அவற்றின் எச்.டி.பி.இ. உருகினாலும் கெட்டியாக நிற்கும், கை அழுத்தத்துக்கு நகராது. பாட்டில் மூடி, பக்கெட், நாற்காலி ஆகியவை இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த, எளிதில் பாயும் ரகத்தில் வருபவை. உடைந்த பக்கெட்டின் துண்டு தாராளமாக இறங்கும்; உடைந்த குடத்தின் துண்டில் கை வலிக்கும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்து பொடியும் பக்கெட்டை மட்டும் ஒதுக்கிவிடலாம். அதிலிருந்து வார்க்கும் பொருளும் பொடியும்.

எண் 3, அதாவது பி.வி.சி., இந்தப் பேரலுக்குள் ஒருபோதும் போகக் கூடாது. பைப் துண்டு, வயரின் உறை, பழைய செருப்பு எல்லாம் இதில் அடக்கம். அதிகச் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். நெஞ்சை எரிக்கும், பேரலை அரிக்கும். அசிட்டால் எனப்படும் டெல்ரின் துண்டுகளும் வேண்டாம். அவை விடுவது ஃபார்மால்டிஹைடு. தண்ணீர் பாட்டிலின் பெட், அதாவது எண் 1, 260 டிகிரிக்கு மேலான சூடும் பல மணி நேர உலர்த்தலும் கேட்கும். இந்த மெஷினுக்கு அது ஒத்துவராது.

எண் இல்லாத துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். பாலிஎத்திலினும் பாலிபுரொப்பிலினும் மிதக்கும். பி.வி.சி., பெட், அசிட்டால் மூன்றும் மூழ்கும். பாலிஸ்டைரினும் மூழ்கும் என்பதால், அடையாளம் தெரியாமல் மூழ்கியது எதுவாக இருந்தாலும் ஒதுக்குவதே நல்லது.

குறிப்பு: பழைய பிளாஸ்டிக்கில் உணவு படும் பொருள் எதையும் வார்க்க வேண்டாம். விற்கும் எண்ணம் இருப்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கப், தட்டு, உறிஞ்சுகுழல் போன்றவற்றைத் தயாரிக்க 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

முதல் மோல்டு

முதல் மோல்டில் ஆசைப்படக் கூடாது. 40 மி.மீ. விட்டம், 4 மி.மீ. தடிமன் உள்ள ஒரு வட்ட வில்லை போதும். பாலிபுரொப்பிலினில் இதன் எடை சுமார் 4.5 கிராம்.

1. 80 × 80 × 12 மி.மீ. அலுமினியத் தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து வைஸில் பிடித்து, நான்கு மூலைகளில் எம்8 போல்ட்டுக்கும், எதிரெதிர் ஓரங்களில் 6 மி.மீ. டவல் பின்னுக்கும் ஒன்றாகத் துளைக்கவும்.
2. கீழ்த்தகட்டில் 4 மி.மீ. ஆழத்துக்கு வில்லையின் குழியை லேத்தில் கடையவும். பக்கச்சுவர் 2 டிகிரி வெளிச்சாய்வாக இருக்கட்டும். நேராக இருந்தால் வில்லை கழன்று வராது.
3. மேல்தகட்டின் நடுவில், நாசில் பக்கம் 4 மி.மீ., குழிப் பக்கம் 5.5 மி.மீ. என விரியும் கூம்புத் துளை போடவும். இதுதான் ஸ்ப்ரூ. நாசிலின் 3 மி.மீ.-ஐவிட இது பெரிதாக இருந்தால்தான் உறைந்த தண்டு இழுபட்டு வரும்.
4. குழியின் ஓரத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை நான்கு திசைகளில், 5 மி.மீ. அகலத்தில், எமரி தாளால் இரண்டு மூன்று இழுப்பு மட்டும் தேய்க்கவும். உள்ளே அடைபடும் காற்று வெளியேறும் வழி இது. ஆழம் 0.03 மி.மீ. போதும், அதிகமானால் பிளாஸ்டிக்கும் அந்த வழியே வரும்.

குழி 40 மி.மீ. இருந்தாலும் ஆறிய வில்லை 39.3 மி.மீ. அளவில்தான் இருக்கும். பாலிபுரொப்பிலின் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை சுருங்கும். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பொருளை வார்க்கும்போது குழியை அந்த அளவு பெரிதாகக் கடைய வேண்டும்.

சி-கிளாம்பில் மோல்டைப் பிடிப்பது பலர் செய்யும் தவறு. இந்த வில்லையின் பரப்பு 12.5 ச.செ.மீ. பிளஞ்சரின் அழுத்தத்தில் பாதிதான் குழியை எட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு தகடுகளையும் பிரிக்க 800 கிலோ விசை முயலும். நான்கு போல்ட்டுகளும் போட்டே ஆக வேண்டும்.

முதல் வார்ப்பு

முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகம் முழுவதையும் மறைக்கும் கவசம், மூடிய காலணி. பட்டறையின் கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். உலர் பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

1. பேரலை 210 டிகிரிக்குச் சூடேற்றி, பிறகு ஐந்து நிமிடம் விடவும்.
2. குருணையைப் போட்டு மெல்ல அழுத்தி நிரப்பவும். நிரம்பியதும் பத்து நிமிடம் காத்திருக்கவும்.
3. மோல்டை வைக்காமல், கீழே ஒரு இரும்புத் தட்டை வைத்து, நாசில் வழியாகக் கொஞ்சம் வழியவிட்டுப் பார்க்கவும்.
4. இழை சரியாக இருந்தால், 50 டிகிரி அளவுக்குச் சூடேற்றிய மோல்டை நாசிலோடு அழுத்திப் பூட்டவும்.
5. நெம்புகோலை ஒரே வீச்சில், நிற்காமல் இறக்கவும். நின்றதும் 15 விநாடி அப்படியே அழுத்திப் பிடிக்கவும்.
6. மோல்டை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டுத் திறக்கவும்.

மூன்றாவது படியில் வழியும் இழையை நின்று பார்க்க வேண்டும். நிறமி சேர்க்காத பாலிபுரொப்பிலின் கையில் இருக்கும்போது பால்வெள்ளையாக இருக்கும். முழுக்க உருகினால் கண்ணாடி போலத் தெளிந்து இறங்கும். தட்டில் விழுந்து ஆற ஆற மறுபடி வெளுக்கும். இறங்கும்போதே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் உள்ளே இன்னும் உருகாத குருணை இருக்கிறது. குமிழி விட்டுப் பொரிந்தால் ஈரம். மஞ்சளாகிப் புகைந்தால் சூடு அதிகம், அல்லது நெடுநேரம் பேரலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. கன்ட்ரோலரின் எண்ணைவிட இந்த இழை நம்பகமானது.

காயம் வரும் வழிகள்

ஈரமான குருணைதான் முதல் எதிரி. பேரலுக்குள் தண்ணீர் நீராவியாகி, உருகிய பிளாஸ்டிக்கை நாசில் வழியாகவோ குருணை வாய் வழியாகவோ பீய்ச்சும். கழுவிய பாட்டில் மூடிகளை வெயிலில் முழுதாக உலர்த்திய பிறகே போட வேண்டும். பேரலின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகவே கூடாது, கவசம் போட்டிருந்தாலும்.

நாசில் அடைத்துக்கொண்டால் பலத்தைக் கூட்டி அழுத்தும் ஆசை வரும். அடைப்பு திடீரென விடுபட்டால் உள்ளே இருப்பது முழுவதும் ஒரே நொடியில் வெளியே வரும். நெம்புகோலை மேலே தூக்கி அழுத்தத்தை விடுவித்து, பத்து நிமிடம் கூடுதலாகச் சூடேற விட்டு, அதன்பிறகும் வராவிட்டால் மின்சாரத்தை நிறுத்திப் பேரலை முழுக்க ஆறவிட வேண்டும். சூடான பேரலில் நாசிலைக் கழற்றக் கூடாது.

உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிவிட்டால் பிய்க்கக் கூடாது. தோலும் சேர்ந்து வரும். ஒட்டியபடியே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மெஷின் இருக்கும் அறைக்குப் பூட்டு வேண்டும். நிறுத்திய பிறகும் பேரல் நெடுநேரம் சுடும். பார்வைக்கு அது ஆறிய இரும்பாகவே தெரியும்.

வார்ப்பில் வரும் கோளாறுகள்

பெரும்பாலும் முதலில் வருவது பாதி நிறைந்த வில்லை. சூட்டை 10 டிகிரி கூட்டுவது, மோல்டை இன்னும் சூடேற்றுவது, நெம்புகோலை வேகமாக இறக்குவது என்ற வரிசையில் முயல வேண்டும். அப்படியும் நிறையாவிட்டால் ஸ்ப்ரூவைப் பெரிதாக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

வில்லையின் நடுவில் பள்ளம் விழுந்தால் அழுத்திப் பிடித்த நேரம் போதவில்லை. 15 விநாடியை 25 ஆக்கலாம். ஓரத்தில் மெல்லிய சவ்வு போல ஃபிளாஷ் பிதுங்கினால் போல்ட் இறுக்கம் குறைவு, அல்லது தகடுகளுக்கு நடுவில் பழைய துகள் சிக்கியிருக்கிறது. ஓர் ஓரம் மட்டும் கருகியிருந்தால் அங்கே காற்று போக வழியில்லை என்று பொருள். அடைபட்ட காற்று அழுத்தத்தில் சூடேறி பிளாஸ்டிக்கை எரிக்கும். அந்த இடத்தில் எமரி தாளால் ஒரு வழி தேய்த்துவிட்டால் தீரும்.

நிறுத்தும் முறை

1. கடைசி வார்ப்புக்குப் பின் கொஞ்சம் எல்.டி.பி.இ. குருணையைப் போட்டு, நாசிலில் தெளிந்த இழை வரும்வரை தள்ளவும்.
2. பிளஞ்சரை முழுக்க வெளியே எடுத்து, சூடாக இருக்கும்போதே பித்தளைத் தகட்டால் சுரண்டித் துடைக்கவும். பேரலுக்குள்ளேயே விட்டுவிட்டால் மறுநாள் அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்து இறுகியிருக்கும்.
3. மெயின் சுவிட்சை அணைக்கவும். கன்ட்ரோலரை மட்டும் அணைப்பது போதாது.
4. சூடு, காத்திருந்த நேரம், அழுத்திப் பிடித்த நேரம், பிளாஸ்டிக்கின் வகை நான்கையும் நோட்டில் குறிக்கவும்.

அடுத்த முறை தொடங்கும்போது பேரலுக்குள் உறைந்து கிடப்பது முதலில் சுவரோரமாகத்தான் இளகும். கன்ட்ரோலரில் 210 தெரிந்த உடனே நெம்புகோலைத் தொடாதீர்கள்; இன்னும் பத்து நிமிடம் பொறுத்து, வெறும் தட்டில் இழையைப் பார்த்த பிறகு மோல்டை ஏற்றுங்கள்.